அடுக்குமாடி வீட்டைப் புதுப்பித்தல்: செலவுக் கணக்கும் ஒப்பந்தக்காரர் தேர்வும்

சென்னையில் 1980களிலும் 1990களிலும் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவும் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டிய வயதை எட்டிவிட்டன. அந்தக் காலத்தில் பதித்த ஜி.ஐ. குழாய்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் உள்ளுக்குள் துருவேறி அடைத்துக்கொள்கின்றன. குளியலறைத் தளத்தின் நீர்க்காப்புப் பூச்சு வலுவிழந்து, கீழ்வீட்டு மேற்கூரையில் ஓதம் இறங்குகிறது. நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு ஃப்ரிட்ஜ் என்று கணக்கிட்டு இழுத்த வயர்கள் இன்று இரண்டு ஏ.சி.யையும் கெய்சரையும் இன்டக்‌ஷன் அடுப்பையும் சுமக்கின்றன. தனி வீடாக இருந்தால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அடுக்ககத்தில் நிலம் எல்லோருக்கும் பிரிபடாத பாகமாக இருப்பதால் ஒருவர் மட்டும் அந்த முடிவை எடுக்க முடியாது. இருக்கிற வீட்டை உள்ளிருந்தே புதுப்பிப்பதுதான் பெரும்பாலோருக்கு உள்ள வழி.

போட்ட கணக்கைத் தாண்டாமல் இந்த வேலையை முடிக்கும் குடும்பங்கள் குறைவு. பழி வழக்கமாக விலைவாசியின் மேல் விழுகிறது. இரண்டு மூன்று மாத வேலைக்குள் சிமென்டும் டைல்ஸும் அவ்வளவு விலையேறிவிடுவதில்லை. கணக்கை உடைப்பவை பெரும்பாலும் மதிப்பீட்டில் எழுதாமல் விட்ட வேலைகள்: இடித்த ராபிஷை மூன்றாம் மாடியிலிருந்து தலைச்சுமையாக இறக்கும் கூலி, தரை மட்டம் உயர்ந்ததால் அடியில் அறுக்க வேண்டிய கதவுகள், பழைய தளத்தைப் பெயர்த்த பிறகு கண்ணில் படும் துருப்பிடித்த கம்பிகள். செலவுக் கணக்கையும் ஒப்பந்தக்காரர் தேர்வையும் தனித்தனிக் கேள்விகளாகவே எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் விடை வேலைப் பட்டியல் என்ற ஒரே காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை முழுமையாக எழுதாதவருக்குச் சரியான தொகையும் தெரியாது, சரியான ஆளும் கிடைக்கமாட்டார்.

எங்கே கைவைக்கலாம்

பட்டியல் எழுதத் தொடங்குமுன் எது சொந்தம், எது பொது என்பது தெளிவாக வேண்டும். 1994ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், அஸ்திவாரம், தூண், உத்தரம், முக்கியச் சுவர்கள், கூரை ஆகியவற்றைப் பொதுப் பகுதிகளாகவே வைத்திருக்கிறது. வீட்டுக்குள் நின்றாலும் தூண் அந்த வீட்டுக்காரருடையது அன்று. ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுக்க நினைப்பவர், அது வெறும் தடுப்புச் சுவரா, பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பழைய குடியிருப்புகளில் செங்கல் சுவரே தளத்தைத் தாங்கும் கட்டடங்களும் உண்டு. அங்கே 9 அங்குலச் சுவரில் ஒரு வாசல் திறப்பதுகூட மேல் மாடிகளில் வெடிப்பை உண்டாக்கும். "நான் இதுபோல நூறு சுவர் இடித்திருக்கிறேன்" என்று மேஸ்திரி சொல்வது பொறியாளரின் கையெழுத்துக்கு ஈடாகாது.

பால்கனியை அடைத்து அறையாக்குவது தளப்பரப்புக் கணக்கைத் தொடுவதால் கட்டட விதிகளுக்குள் வந்துவிடும். மாடிகளுக்கு நடுவே ஓடும் பொதுக் குழாயில் இணைப்பு மாற்ற வேண்டுமானால் மொத்தக் குடியிருப்புக்கும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வேலை நேரம், லிஃப்டில் பொருள் ஏற்றலாமா, மணல் எங்கே கொட்டலாம், வைப்புத்தொகை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது மரியாதையும் கூட. செலவுக் கணக்கிலும் ஒவ்வொன்றும் ஒரு வரி. லிஃப்டில் டைல்ஸ் ஏற்றக்கூடாது என்றால் ஏற்றுக்கூலி தனியாகச் சேரும். இடிபாடுகளைத் தெருமுனையில் கொட்டக் கட்டடக் கழிவு விதிகளும் இடந்தரவில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இவற்றைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் ராபிஷை எங்கே கொண்டுபோகிறார் என்பதையும் பட்டியலில் கேட்டு எழுத வேண்டும்.

தொகையிலிருந்து பின்னோக்கி

பலர் விரும்பும் வேலைகளைக் கூட்டி மொத்தம் காண்கிறார்கள். கையில் இருக்கும் தொகையிலிருந்து கழித்துக்கொண்டே வருவதே பாதுகாப்பான முறை. ஒரு குடும்பம் மொத்தம் 10 லட்சம் ரூபாய் செலவழிக்கலாம் என்று முடிவு செய்திருப்பதாகக் கொள்வோம். முப்பது ஆண்டு பழைய வீட்டில் எதிர்பாராச் செலவுக்கு 15 விழுக்காடாவது ஒதுக்க வேண்டும். புதிய வீடானால் 10 போதும். 1,50,000 போக மீதி 8,50,000. வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வேறு வீட்டு வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் வண்டி, சங்க வைப்புத்தொகை, பொறியாளர் கட்டணம், கடைசியில் வீடு கழுவும் ஆட்கள் ஆகியவற்றுக்கு 80,000 என்று வைத்தால் மீதி 7,70,000. பதிவு பெற்ற நிறுவனம் பொருளும் கூலியும் சேர்த்துச் செய்யும் ஒப்பந்தத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. 7,70,000ஐ 1.18 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6,52,500 வரும். ஆக, 10 லட்சம் வைத்திருப்பவர் ஒப்பந்தக்காரரிடம் பேச வேண்டிய வேலையின் மதிப்பு ஆறரை லட்சம்தான். இந்த மூன்றரை லட்ச வித்தியாசம் தெரியாமல் "பத்து லட்சத்துக்குள் முடித்துக் கொடுங்கள்" என்று சொல்பவர், முதல் நாளிலேயே கடனுக்கு வழி செய்துகொள்கிறார்.

கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் மேஸ்திரி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வரி வாங்கவும் கூடாது. பொருளை வீட்டுக்காரரே வாங்கினால் பொருளுக்கான வரி கடை விலையிலேயே அடங்கிவிடும். இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைச் சமன்செய்த பிறகே எது மலிவு என்று பேச முடியும்.

எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதைப் பாதி வேலையில் சரவிளக்குக்கோ இறக்குமதி டைல்ஸுக்கோ எடுத்துவிடுவது பரவலான பழக்கம். அந்தத் தொகை மறைந்து கிடக்கும் பழுதுகளுக்கு உரியது. பழுதுகள் வெளிப்படுவது இடிப்பு முடிந்து குழாயும் வயரும் மாற்றும் கட்டத்தில். அந்தக் கட்டம் தாண்டும்வரை அதைத் தொடக்கூடாது. எதை முதலில் செய்வது என்பதற்கும் இதுவே அளவுகோல்: சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போய் மறைபவற்றுக்குப் பணம் முதலில். குழாயை மாற்றாமல் மேலே விலையுயர்ந்த டைல்ஸ் ஒட்டினால், குழாய் கசியும் நாளில் இரண்டும் போகும். அலமாரியை அடுத்த ஆண்டு செய்துகொள்ளலாம்.

அளவெடுப்பது

விலையைப் பேரம் பேசுவதில் காட்டும் அக்கறையை அளவில் காட்டுவோர் சிலரே. ஒப்பந்தக்காரர் எந்தப் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார் என்பது முதல் கேள்வி. விற்பனைப் பத்திரத்தில் உள்ள பரப்பில் மாடிப்படி, நடைபாதை போன்ற பொதுப் பகுதிகளின் பங்கும் சேர்ந்திருக்கலாம். உள்ளே நடந்து அளக்கும் கார்ப்பெட் ஏரியா அதைவிடக் கணிசமாகக் குறைவு. பெயின்ட் வேலைக்குச் சுவரும் மேற்கூரையும் சேர்ந்த பரப்பு கார்ப்பெட் ஏரியாவைப் போல் மூன்று முதல் மூன்றரை மடங்கு வரும் என்பது தோராயக் கணக்கு. 700 சதுர அடி வீட்டுக்கு 2,450 சதுர அடிக்கு மேல் ஒருவர் எழுதியிருந்தால் டேப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். கதவு, ஜன்னல் இடங்களைக் கழிக்க இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 வழி சொல்கிறது: அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவில்லை, அதிலிருந்து 3 சதுர மீட்டர்வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், திறப்பின் உட்பக்கங்களுக்குத் தனியாகக் கூட்டக்கூடாது. ஒப்பந்தத்தில் "அளவு ஐ.எஸ். 1200 படி" என்று ஒரு வரி எழுதினால் கடைசி பில்லில் வரும் பெரிய சண்டை தீர்ந்துவிடும்.

டைல்ஸுக்கு ஒரு கணக்கு. அறைகளின் தரை 600 சதுர அடி. சுவரோரம் 4 அங்குல உயரத்தில் ஓடும் ஸ்கர்ட்டிங் 180 அடி நீளம். அது 60 சதுர அடி. மொத்தம் 660. வெட்டிலும் உடைப்பிலும் போவதற்கு 8 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 713. இரண்டுக்கு இரண்டு அளவு டைல்ஸ் நான்கு உள்ள பெட்டி ஒன்று 1.44 சதுர மீட்டரை, அதாவது 15.5 சதுர அடியை மூடும். 46 பெட்டி வேண்டும். பழுதுக்காக ஒரு பெட்டியை எடுத்துவைக்க 47 வாங்குவது நல்லது, ஏனென்றால் ஒரே டிசைனிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் நிறம் மாறும்.

மாடுலர் கிச்சனில் அளவுக் குழப்பம் இன்னும் கூடுதல். ஒருவர் முகப்புக் கதவுகளின் பரப்புக்கு விலை சொல்வார், இன்னொருவர் உள்பெட்டியின் எல்லாப் பலகைகளுக்கும், மூன்றாமவர் ரன்னிங் ஃபீட்டுக்கு. மூவரின் அலகு விலையை அருகருகே வைப்பதில் பொருளே இல்லை. மொத்த விலையையும் பலகையின் தரத்தையும் மட்டுமே ஒப்பிட முடியும். சமையலறையில் தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் ஏற்றது. ஐ.எஸ். 303இன் ஓரளவு ஈரம் தாங்கும் எம்.ஆர். தரம் படுக்கையறை அலமாரிக்குப் போதும், தொட்டிக்கு அடியில் நிற்காது. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தின் வகைகள்

மிகப் பழைய முறை தினக்கூலி. கொத்தனார், சித்தாள் என்று ஆளுக்கு இவ்வளவு. பொருள் எல்லாம் வீட்டுக்காரர் வாங்குவது. தினமும் நின்று பார்க்க ஆள் இருந்தால் இதில் தரம் நன்றாக அமையும். ஆள் இல்லாத இடத்தில் நாட்கள் நீளும், அந்த நீட்சியின் செலவு முழுதும் வீட்டுக்காரருடையது. அடுத்தது லேபர் கான்ட்ராக்ட்: பொருள் நம்முடையது, கூலி மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு. வேகம் கூடும், ஆனால் பொருள் வீணாவதைப் பற்றி ஒப்பந்தக்காரருக்குக் கவலை குறையும். மூன்றாவது, பொருளும் கூலியும் சேர்த்து ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை பேசி, முடிந்தபின் அளந்து பணம் கொடுப்பது. நான்காவது லம்ப்சம், அதாவது மொத்த வீட்டுக்கும் ஒரே தொகை. இன்டீரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகின்றன.

லம்ப்சம் நிம்மதியானது என்ற எண்ணம் புது வீட்டுக்குப் பொருந்தும். பழைய வீட்டில் மறைந்திருக்கும் பழுதை இருவருமே பார்த்ததில்லை. நேர்மையான ஒப்பந்தக்காரர் அந்த அபாயத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகச் சொல்வார். மற்றவர் குறைவாகச் சொல்லிவிட்டு, பழுது வெளிப்பட்டதும் "எக்ஸ்ட்ரா" கேட்பார் அல்லது மறைத்துப் பூசிவிடுவார். பழைய அடுக்ககங்களுக்கு மூன்றாவது முறையே ஏற்றது. மர வேலையை மட்டும் வரைபடத்தோடு லம்ப்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

கொட்டேஷனைப் படிப்பது

ஒரே வேலைப் பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை வாங்க வேண்டும். அவரவர் பட்டியலை அவரவரே எழுதினால் ஒப்பிடவே முடியாது. மதிப்பீட்டின் தரத்தைக் குளியலறை வரியில் கண்டுகொள்ளலாம். "குளியலறை புதுப்பித்தல், 1 எண், லம்ப்சம்" என்று ஒரே வரியில் எழுதுபவர் தகராறுக்கு இடம் விட்டு வைக்கிறார். ஒழுங்கான மதிப்பீட்டில் பழைய டைல்ஸையும் அடிக்கலவையையும் எந்த ஆழம்வரை பெயர்ப்பது, ராபிஷை இறக்குவது, கழிவுக் குழாய் இணைப்புகளை மாற்றுவது, சி.பி.வி.சி. தண்ணீர்க் குழாயைச் சுவரில் காடி வெட்டிப் பதிப்பது, நீர்க்காப்பு எந்தப் பொருளால் எத்தனை கோட், சுவரில் எந்த உயரம்வரை, தண்ணீர் தேக்கிச் சோதிப்பது, டைல்ஸ், கதவு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். குழாய், ஷவர், கம்மோடு யார் வாங்குவது என்பதும் இருக்கும்.

இதில் தண்ணீர் தேக்கும் சோதனை தனியாகப் பேசத் தகுந்தது. அடுக்ககங்களில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் நடக்கும் நீண்ட பகைகள் பெரும்பாலும் குளியலறைக் கசிவில் தொடங்குகின்றன. குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்துக்குள் கழிவுக் குழாயை ஓட்டி மேலே நிரப்பியிருப்பார்கள். கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் வருவதில்லை. குழாய் தளத்தைத் துளைக்கும் இடமும் தரையும் சுவரும் சேரும் மூலையும்தான் பலவீனமானவை. நீர்க்காப்பு காய்ந்தபின், மேலே நிரப்புவதற்கு முன், வடிகாலை அடைத்து இரண்டு நாளாவது தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக்குப் போய் மேற்கூரையைப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரையும் கூட நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு அற்பம். இதைத் தவிர்த்தால் கசிவு டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் தெரியும், அப்போது எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை, கியாரண்டி தருகிறேன்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

மின்வேலைக்கும் அதே கண் வேண்டும். ஏ.சி.க்கும் கெய்சருக்கும் தனித்தனி 4 சதுர மி.மீ. வயர், எர்த் இணைப்பு, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை பட்டியலில் இருக்க வேண்டும். பளு கூடினால் மின்பகிர்மானக் கழகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ளவரா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

மூன்று விலைகளும் வந்தபின் மிகக் குறைந்ததை எடுப்பது இயல்பான ஆசை. குறைந்த விலைக்குள் எந்த வேலை விடுபட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகே அது குறைந்ததா என்று தெரியும். நியாயமான விலைக்கு ஒரு அளவுகோல் வேண்டுமானால் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலைப் பார்க்கலாம். சிறு வேலைக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும், ஆனால் எந்த வரியில் விலை முறைதவறி இருக்கிறது என்பது தெரியும்.

ஆளைப் பார்ப்பது

புதிதாக முடித்த வீட்டைக் காட்டுவதில் எல்லா ஒப்பந்தக்காரரும் ஆர்வமாக இருப்பார்கள். பார்க்க வேண்டியது மூன்று மழைக்காலம் கண்ட வீடு. அங்கே குளியலறைக்கு வெளிச்சுவரில் உப்பு பூத்திருக்கிறதா, டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கிறதா, அலமாரிக் கதவு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டாரிடம் ஒன்றைக் கேட்டால் போதும்: வேலை முடிந்தபின் குறை சொல்லிக் கூப்பிட்டபோது வந்தாரா? நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையிடத்தைச் சொல்லாமல் போய்ப் பார்ப்பதும் பயன் தரும். சிமென்ட் மூட்டைகள் ஈரத்தரையில் கிடக்கின்றனவா, ஆட்களுக்குக் குடிதண்ணீர் இருக்கிறதா, அவர் தம் ஆட்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பவை எந்த விளம்பரத்திலும் இருக்காது. ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் வைத்திருக்கிறார், பிளம்பரும் தச்சரும் அவருடைய நிலையான ஆட்களா, வேலைக்கு வேலை மாறுபவர்களா என்பதும் கேட்க வேண்டியவை. நிறுவனம் என்றால் ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு, பதிவு நடப்பில் உள்ளதா என்று பார்த்துவிடலாம்.

காலத்தையும் அவரோடு பேச வேண்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. ஈரச் சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும். புதுப்பூச்சு நாலு வாரமாவது காய வேண்டும். பொங்கலுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் வட மாநிலத் தொழிலாளர்களும் ஊருக்குப் போவார்கள். இதையெல்லாம் கணக்கில் கொள்ளாமல் "நாற்பத்தைந்து நாளில் சாவி" என்று சொல்பவரின் வாக்கை நம்பி வாடகை வீட்டுக்குத் தேதி குறிக்கக்கூடாது.

பணம் கொடுக்கும் முறை

பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது சாதாரணம், கொடுப்பது ஆபத்து. வேலையைவிடப் பணம் முன்னால் போய்விட்டால் ஒப்பந்தக்காரரைத் திரும்ப வரவழைக்கும் பிடி போய்விடும். பத்து விழுக்காடு முன்பணம், பிறகு முடிந்த வேலையை அளந்து பணம், கடைசிப் பத்து விழுக்காட்டில் பாதியை வேலை முடிந்ததும் மீதியை, பிறகு வெளிப்படும் குறைகளைச் சரிசெய்து தர ஒப்புக்கொண்ட காலம் முடிந்ததும் கொடுப்பது என்பது இரு தரப்புக்கும் நியாயம். அரசு வேலைகளிலும் ஒரு பங்கை இப்படி நிறுத்திவைப்பது நெடுநாள் வழக்கம்.

ஆனால் மேஸ்திரியின் நிலையையும் மறக்கக் கூடாது. அவர் சனிக்கிழமை மாலை தம் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், பெரும்பாலும் கையிருப்பு இல்லாதவர். "குளியலறை முழுதும் முடிந்தபின் பணம்" என்று ஒப்பந்தம் எழுதினால் இரண்டாவது வாரமே வேலை நிற்கும், அல்லது அவர் வேறொரு வீட்டின் பணத்தில் நம் வீட்டு வேலைக்கான கூலியைக் கொடுக்கும் சுழலில் சிக்குவார். கட்டங்களை ஒரு வாரத்தில் முடியக்கூடிய சிறு துண்டுகளாகப் பிரித்து, சனிக்கிழமை காலை அளந்து, மாலைக்குள் கொடுத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். உழைத்தவரின் கூலி தாமதமாகாது, வேலையைப் பணம் முந்தவும் செய்யாது. டைல்ஸ், குழாய், பிளைவுட் போன்ற பெரிய பொருள்களுக்குக் கடைக்கு நேரடியாகப் பணம் செலுத்தி வீட்டுக்காரர் பெயரில் பில் வாங்கினால் முன்பணத்தின் தேவை குறையும், உத்தரவாதமும் அவர் பெயரில் நிற்கும்.

வேலை நடுவே மனம் மாறுவது எல்லா வீட்டிலும் நடக்கும். மாற்றம் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் விலையோடும் கூடுதல் நாளோடும் வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தால் கடைசி நாள் கசப்பு பெருமளவு குறையும். ஒப்பந்தத்தோடு வேலைப் பட்டியல், பொருள்களின் பிராண்டும் தரமும், அளவு முறை, முடிக்கும் தேதி, ஆட்களுக்கான விபத்துக் காப்பீடு, கீழ்வீட்டுக்கோ பொதுச் சுவருக்கோ சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பவை இணைந்திருக்க வேண்டும்.

தகராறு வந்தால்

வீட்டுக் கட்டுமானம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம்வரை கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சமரசத்துக்கு முயலலாம். எழுத்து ஒப்பந்தம், பில், வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் விவரம், தேதியுள்ள புகைப்படங்கள் இல்லாதவர் அங்கே வாய்வார்த்தையோடுதான் நிற்க வேண்டியிருக்கும். வரி சேமிக்க மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டுப்போகிறது.

பில்களுக்கு வேறு பயன்களும் உண்டு. புதுப்பிக்கக் கடன் வாங்கியிருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை வட்டியைப் பழைய வரித் திட்டத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டை விற்கும்போது, அதன் மதிப்பை நிலையாக உயர்த்திய வேலைகளின் செலவை மூலதன ஆதாயக் கணக்கில் காட்டலாம்; சாதாரணப் பெயின்ட் வேலை அதில் சேராது. பில்களோடு, சுவரை மூடுவதற்கு முன் எடுத்த குழாய், வயர்ப் பாதைகளின் படங்களையும் டேப்பை வைத்து அளவு தெரியும்படி எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். அடுத்த முறை ஆணி அடிக்கும்போதும், வீட்டை வாங்கப்போகிறவர் கேட்கும்போதும் அவை உதவும்.